வாஷிங்டனிலிருந்து வந்த நான்கு பக்கங்கள்

பெண்கள் நல மையத்தில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

உங்களை வாழ்த்தி எழுதச் சொல்லித்தான் எனக்குக் கடிதம் வந்தது. வாழ்த்த நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. முப்பத்திரண்டுதான். போதும் என்று தோன்றியது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகையால் எந்தச் செயலாளர் முகத்தையும் பார்த்து எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை.

குழந்தையை எடை போடுவது, அட்டை எழுதுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மேலேயிருந்து ஒரு காகிதம் வந்து, அந்தக் காகிதம் ஒன்று சொல்ல, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் வேறொன்று கேட்டால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு காகிதம் வந்தது. பிறகு அமெரிக்காவில் வேறு கட்சி ஆட்சிக்கு வந்து, ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்தது. அதனால் அது பழங்கதை என்று நினைக்காதீர்கள். ஒரு கையெழுத்தில் போனது இன்னொரு கையெழுத்தில் திரும்பி வரும்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பஞ்சுப் பொதி சுமந்தவர். அம்மா பேண்டேஜ் துணி மடிக்கப் போனவள். இருவரும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். மிதித்ததோடு நிற்காமல் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தேன். அதை நான் அடக்கமாகச் சொன்னதே கிடையாது, இப்போதும் சொல்லப் போவதில்லை. எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த பெண்கள் நல மையத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்த ஆங்கிலத்தால்தான். வருகிற பெண்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டும். பெண்கள் எங்கள் எல்லோரையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

மையத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ராஜபாளையத்துக்காரர்கள். அங்கே ஆஸ்பத்திரி இல்லாமலில்லை. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்ற பயம். அதே பயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் ராஜபாளையம் போவார்கள். டவுன் பஸ்ஸில் எதிரெதிரே போகிற இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. வந்த பிறகும் யாரும் "எனக்கு" என்று கேட்கமாட்டார்கள். எப்போதும் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் நாள் தள்ளிப் போயிருக்கும். உலகத்திலேயே அதிகம் கர்ப்பமானவள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களுக்குப் பணம் அமெரிக்க அரசாங்கத்திடமிருந்து டெல்லி வழியாக வந்தது. அந்த வழியிலேயே ஒருநாள் நான்கு பக்கக் காகிதமும் வந்தது. அமெரிக்க அரசாகிய எங்களிடம் பணம் வாங்கும் எந்த வெளிநாட்டு நிறுவனமும் கருக்கலைப்புச் செய்யக்கூடாது, அதை ஆதரித்துப் பேசக்கூடாது, எங்கள் பணத்தில் மட்டுமல்ல, வேறு யார் கொடுத்த பணத்திலும் கூடாது, சம்மதித்துக் கையெழுத்துப் போடு. இதுதான் சாரம்.

அமெரிக்காவில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் தெரிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. எங்களுக்கு வரும் பெட்டிகளில் பொருள் உடையாமலிருக்க அந்த ஊர்ச் செய்தித்தாள்களைக் கசக்கி அடைத்திருப்பார்கள். மற்றவர்கள் பொருளை எடுத்து அடுக்குவார்கள். நான் காகிதத்தை நீவி விரித்துப் படிப்பேன். பலவகைக் கோபக்காரர்கள் அங்கே ஒரே பந்தலுக்குள் கூடியிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஊரார் பாவத்தை அளந்து கொடுத்த போதகர்கள். வரி குறைந்தால் சரி, மற்றது எக்கேடும் கெடட்டும் என்ற முதலாளிகள். கறுப்பு மக்களுக்குச் சம உரிமை வந்ததை அதுவரை செரிக்க முடியாதவர்கள். பெண்ணுக்கு வீடே போதும் என்று ஊர் ஊராக விமானமேறிப் போய்ப் பேசிய பெண்கள். மற்ற நாளில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்திருக்க மாட்டார்கள். தேர்தல் அவர்களைச் சம்பந்தி ஆக்கிவிட்டது.

எல்லோரும் சேர்ந்து சொன்ன மந்திரம் ஒன்று: அரசாங்கம் மனிதர் வாழ்க்கையில் மூக்கை நுழைக்கக்கூடாது. ஜெயித்தார்கள். ஜெயித்ததும் மூக்கை நீட்டினார்கள். அது கடல் கடந்து, மதுரை கடந்து, தேரடித் தெருவில் எங்கள் ஆலோசனை அறையின் திரைக்குப் பின்னால் வந்து நின்றது.

அவர்கள் நாட்டில் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும். நம் நாட்டிலும் சட்டப்படி செல்லும். பிறகு யாருக்காக இந்தத் தடை? ஓட்டு வாங்கித் தந்த போதகர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். சொந்த ஊர்ப் பெண்கள் மீது கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவார்கள். பஸ்ஸில் முகத்தை மறைத்துக்கொண்டு வருகிற ராஜபாளையத்துக்காரி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? மலிவாகக் கொடுக்கக்கூடிய காணிக்கையாக அவள் கிடைத்தாள்.

அவர்களை இவ்வளவு திட்டிவிட்டேன். இனி எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள்.

எங்கள் மையத்தின் செயலாளர், மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். ஊழியர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"இந்தாம்மா, நீதான் இங்கிலீஷ் படிச்ச புள்ள. இதச் சுருக்கமாத் தமிழ்ல எழுதிச் சுவத்துல ஒட்டு. இனிமே இங்க அந்தப் பேச்சே கூடாது. அம்புட்டுதான்."

எங்கள் நர்ஸ் சிஸ்டருக்கு எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கத் தெரியாது.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சட்டப்படி செய்யுறாகளே சார். அங்க போன்னு வழி சொல்றதுமா தப்பு?"

"தப்பு சரியெல்லாம் பொறவு பாப்போம்மா. ஜீப்புக்கு டீசல் வேணுமா வேண்டாமா?"

"எனக்கு அது பாவந்தான் சார். நான் கத்தோலிக்கச்சி, அதத் தொட மாட்டேன். ஆனா கேட்டு வந்தவள முழிக்க விட்டு அனுப்புறதும் பாவந்தானே?"

"ஒங்க ஆளுகதானம்மா இத எழுதியிருக்காக. சாமிக்காகத்தான் எழுதியிருக்காகளாம்."

"எங்க மாதா எந்த எலெக்‌ஷன்லயும் நிக்கல சார்" என்றார் சிஸ்டர்.

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டோம்.

சிஸ்டரின் கேள்விக்கு அந்தக் காகிதத்திலேயே பதில் இருந்தது. கூட்டம் முடிந்து தனியாக உட்கார்ந்து படித்தபோது மூன்றாம் பக்கத்தில் பார்த்தேன். ஏற்கெனவே கர்ப்பமாயிருக்கும் பெண், சட்டப்படி கலைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டதாகத் தெளிவாகச் சொல்லி, எங்கே போகலாம் என்று தானே கேட்டால், கடமை கருதி அதற்குப் பதில் சொல்வது தவறாகாது. அப்படி ஒரு சின்னப் பத்தி. யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக விட்டு வைத்த பத்தி. நம் பெண்கள் யாரும் வக்கீல் போல அப்படிப் பேசமாட்டார்கள் என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டான்.

செயலாளரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பத்திய விட்டுரும்மா. ஒரு சந்து விட்டா ஆளாளுக்கு நுழைவாக. மொத்தமாக் கூடாதுன்னு போட்டா வம்பில்ல."

விட்டுவிட்டேன். பயந்துபோய் விட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். அது வேண்டாம். அந்தப் பத்தி இல்லாமல் எழுதினால் ஒரே பக்கத்தில், ஒன்பது வரியில், பார்க்க லட்சணமாக அடங்கியது. நான்கு பக்க ஆங்கிலத்தை ஒன்பது வரித் தமிழாக்கிய திறமையில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. எட்டாவது வரியை நானாகவே சேர்த்தேன்: "யாரேனும் இதுபற்றிக் கேட்டால் பேச்சை மாற்றவும்." வாஷிங்டன் கேட்காததையும் நான் கொடுத்தேன்.

சிஸ்டர் சுவரில் அதை வாசித்துவிட்டு, "பேச்ச மாத்தணுமாம்ல. எதுக்கு மாத்த, சினிமாவுக்கா?" என்றார்.

பாக்கியம் என்பவள் வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. ராஜபாளையத்தில் பேண்டேஜ் மடிக்கிறவள். மடியில் ஒரு கைப்பிள்ளை.

"டீச்சர், எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தி. நாப்பது நாளுக்கு மேலயாவுது. ஏற்கெனவே மூணு புள்ளைக. கைப்புள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல. ஏதாச்சும் வழி இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

அவள் மடியிலிருந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பல் இல்லை.

"கைப்புள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்றேன்.

"யாருக்கு டீச்சர், இவனுக்கா? போட்டாச்சு."

"ரெண்டாவது ஊசி?"

"அதுவும் ஆச்சு. டீச்சர், நான் கேக்க வந்தது..."

"அட்ட கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க, மூணாவது ஊசிக்குத் தேதி போட்டுத் தாரேன்."

பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தேதி போட்டேன். கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாமா என்பதைப் பற்றி நானாக இரண்டு வாக்கியம் பேசினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த என் ஒன்பது வரியைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "வாரேன் டீச்சர்" என்று எழுந்து போனாள். பதிவேட்டில் "தடுப்பூசி ஆலோசனை" என்று எழுதினேன். சாமர்த்தியமாகச் சமாளித்தோம் என்று நினைத்துக்கொண்டு மதியச் சோற்றை நன்றாகச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சிஸ்டர்தான் செய்தி கொண்டுவந்தார். யாரோ ஒருத்தி ஒரு கடைக்குப் பின்னால் வைத்து பாக்கியத்துக்குக் கலைத்துவிட்டிருக்கிறாள். காய்ச்சலும் ஜன்னியுமாக ஆஸ்பத்திரியில் கிடத்தியிருக்கிறார்கள். இருவரும் பஸ் ஏறிப் போனோம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். முகம் காகிதம்போல் வெளுத்துக் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள். குனிந்து கேட்டேன்.

"புள்ளைக்கு ஊசித் தேதி தாண்டிப் போச்சு டீச்சர்."

குத்திக் காட்டினாளா, உண்மையிலேயே அந்தக் கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செயலாளருக்குத் தகவல் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம மையத்துப் பேரு எங்கயும் அடிபடலையேம்மா?" அடிபடவில்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார். கலைப்பினால் உடம்பு கெட்டவளுக்கு வைத்தியம் பார்க்க அந்த நான்கு பக்கங்கள் அனுமதித்தன. கெடாமலிருக்க வழி சொல்லத்தான் கூடாது. இந்தப் புண்ணியத்துக்குத்தான் அவர்கள் உயிரின் புனிதம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வரியும் சுவரிலேயே இருந்தது. மேலே இருப்பவர்களை ஏசுவது சுலபம், நானும் சிஸ்டரும் தினமும் டீ குடித்துக்கொண்டே ஏசினோம். ஏசிவிட்டு, கேட்டு வந்தவர்களிடம் ஊசியைப் பற்றிப் பேசினேன். தங்கச்சிகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். காகிதம் சொன்னதை விடக் கூடுதலாகக் கீழ்ப்படிகிறவள் அந்தக் காகிதத்தை எழுதியவனைவிட மோசமானவள். அவனுக்காவது பாக்கியத்தைத் தெரியாது.

நான்கு மாதம் கழித்து டெல்லி அலுவலகத்திலிருந்து ஓர் அமெரிக்கப் பெண்மணி சோதனைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டபடி நடக்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம். செயலாளர் பால்கோவா, மல்லிகைச் சரம் எல்லாம் தயாராக வைத்திருந்தார். மொழிபெயர்க்க நான். ஜீப்பில் வரும்போதே அந்த அம்மாள் என்னிடம் தாழ்ந்த குரலில், தான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்றும் இந்த விதியில் தனக்கு உடன்பாடில்லை என்றும் சொன்னார். மடியில் சோதனைப் படிவம் இருந்தது. ஓட்டுப் போட்டவர் வந்திருந்தாலும் அதே படிவத்தைத்தான் நிரப்பியிருப்பார். ஏளனமாக நினைத்துக்கொண்டேன், அதே ஜீப்பில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாக்கியம் உள்ளே வந்தாள். மெலிந்துபோய், நடையில் ஒரு தளர்ச்சி. கூடவே இருபது இருபத்தொரு வயதில் ஒரு பெண். செயலாளர் முகம் மலர்ந்தது. "மேடம், எங்கள் சிகிச்சையால் பிழைத்த பெண்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எந்தச் சிகிச்சையையும் நாங்கள் செய்யவில்லை.

அந்த அம்மாள் விவரம் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த மையத்தில் யாராவது இவளுக்குக் கருக்கலைப்பைப் பற்றிச் சொன்னார்களா, எங்கேயாவது அனுப்பினார்களா? கேளுங்கள்."

கேட்டேன்.

"இல்லங்க. இங்க யாரும் ஒரு வார்த்த சொல்லல. டீச்சரு புள்ளைக்கு ஊசி போட்டாச்சான்னுதான் கேட்டாக."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். படிவத்தில் ஒரு கட்டத்தில் அந்த அம்மாள் டிக் போட்டார். விதியை மிகச் சரியாகக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். செயலாளர் தலையை ஆட்டி மகிழ்ந்தார். எட்டு வருட வேலையில் எனக்கு நேரில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பாக்கியம் போகவில்லை.

"டீச்சர், இவ செல்வி. எங்க பக்கத்து வீடு. இந்தத் தடவ நெசமாவே பக்கத்து வீடுதான். எனக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆவக்கூடாதுன்னு கூட்டியாந்தேன். ஏட்டி, சொல்லு."

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ரெண்டு மாசமாவுது டீச்சர். எங்க போவணும்னு மட்டும் சொல்லுங்க."

செயலாளர் இருமினார். "ஊசி... ஊசியப் பத்திக் கேளும்மா."

அவளுக்கு எந்த ஊசி? இடுப்பில் பிள்ளைகூட இல்லை. அந்த நேரத்தில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போ செல்வி. திங்கள், வியாழன் டாக்டரம்மா இருப்பாக. சட்டப்படி செய்வாக, ஒளிஞ்சு போகத் தேவையில்ல. ஒங்க ஊர்ல தெரிஞ்சவக இருப்பாகன்னு பயந்தா விருதுநகர் போ. வேற எங்கயும் போகாத" என்றேன்.

"அவளிடம் என்ன சொன்னீர்கள்?" என்றார் அந்த அம்மாள்.

"தடுப்பூசி, மேடம்" என்று செயலாளர் முந்திக்கொண்டார்.

"தடுப்பூசி இல்லை" என்றேன். சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மாள் கோப்பிலிருந்த நான்கு பக்கங்களை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். கர்ப்பம் இவளுக்குத்தானா, முடிவு செய்துவிட்டாளா என்று கேட்கச் சொன்னார்.

"முடிவு பண்ணாமலா வேலைக்கு லீவு போட்டு பஸ் ஏறி வந்திருக்கேன்?" என்றாள் செல்வி, முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி.

அதைக் கேட்டதும் அந்த அம்மாள் கோப்பை மூடினார். அப்படியானால் பிரச்சினை இல்லை, கேட்டவளுக்குப் பதில் சொல்லலாம், விதியில் இடமிருக்கிறது என்றார். பால்கோவா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "என்னவாம் டீச்சர்?"

"சொல்லலாமாம்."

"எப்பயிருந்து?"

செயலாளர் கணமும் தாமதிக்கவில்லை. "இப்பதாம்மா. இந்த மாசந்தான் புது ஆர்டர் வந்துருக்கு" என்றார் தமிழில், வெகு கனிவாக. நல்ல பொய். எல்லோருக்கும் வசதியான பொய். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. பாக்கியம் நம்பிவிடுவாள், என்னையும் மன்னித்துவிடுவாள். நான் வாயைத் திறக்காமலிருந்தால் போதும். அதில்தான் எனக்கு நல்ல பழக்கமிருந்தது.

"இல்ல பாக்கியம்" என்றேன். "மொத நாள்லயிருந்தே சொல்லலாம். அந்தத் தாளுலயே எழுதியிருந்துச்சு. நான் படிச்சிருந்தேன்."

அவள், படித்திருந்தேன் என்ற சொல்லை மட்டும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அன்னைக்கு 'ஒனக்கா பாக்கியம்'னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லியிருப்பேன் டீச்சர்."

பிறகு செல்வியின் கையைப் பிடித்து எழுப்பினாள். "எந்திரிட்டீ. பன்னெண்டு மணி பஸ்ஸு போயிரும்."